பெட்டிக்குள் ஒரு மனிதர்



ஊரிலிருந்து இந்த மாநகரத்திற்கு வந்த நாளில் நீங்கள் கொண்டுவந்த பெட்டி இன்னும் உங்களிடத்தில் இருக்கிறதா? சிலருடைய வீட்டில் அது கட்டிலுக்கடியில் கிடக்கும். சிலருடைய வீட்டில் பரணின்மேல் ஏறியிருக்கும். வெள்ளை வர்ணத்தில் பெயரும் ஊரும் எழுதப்பட்ட அந்தத் தகரப்பெட்டியை நம்மில் அநேகர் மறந்தே போனோம். பழைய சான்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகை, தாயாரின் சேலை, யாரோ எழுதிய கடிதம், எதற்கென்றே தெரியாமல் பத்திரப்படுத்திய ரசீதுகள் யாவும் அதற்குள் உறங்குகின்றன.

இந்த மாதம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். நாளைய தினம் நீங்கள் இல்லாமற்போய், உங்களை அறியாத ஒருவர் அந்தப் பெட்டியைத் திறப்பாரானால், உங்களைக் குறித்து அவர் என்ன அறிந்துகொள்வார்? அவர் அறிந்துகொள்வது உண்மையாயிருக்குமா?

நான் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒருகாலத்தில் நானே ஓர் அந்நியருடைய பெட்டியைத் திறந்தவன். அதை வாசித்தேன். தவறாக வாசித்தேன்.

தாராவியில் ஒரு தகரப்பெட்டி

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, மும்பை தாராவியில் ஒரு சிறிய சபையில் உதவி ஊழியனாக நான் இருந்த காலம் அது. 1998ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று வாலிபர்கள் ஒரு தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு சபை வாசலில் வந்து நின்றார்கள். அவர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் அரசு மருத்துவமனையில் முந்தின இரவு காலமாகிவிட்டார். “ஐயா, அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் சபைக்குத்தான் வருவார். அதனால்தான் இதை இங்கே கொண்டுவந்தோம்” என்றார்கள்.

அவர் யார் என்று எனக்குத் தெரியும், அதாவது முகம் தெரியும். ஐம்பது வயதிருக்கும். ஒரு கட்டடத்தில் இரவுக் காவலாளி. ஆராதனையில் கடைசி வரிசையில், செருப்புகள் கழற்றிப்போடும் வாசலண்டை உட்காருவார். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் அவருக்குக் கைகொடுத்தேன். “நலமா?” என்பேன். “ஸ்தோத்திரம் ஐயா, நலம்” என்பார். அவ்வளவே. அவருடைய ஊர் எனக்குத் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. சபையின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. காணிக்கை போடுகிறவர், பாடுகிறவர், கைதட்டுகிறவர் என்ற கணக்கில் மாத்திரம் அவர் எங்களுக்குள் இருந்தார்.

மூப்பர் ஒருவரையும் அந்த வாலிபர்களையும் சாட்சியாக வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தோம். மேலே இரண்டு சாரம், ஒரு கம்பளி, காவலாளிச் சீருடை. அதன்கீழே முதல் தாள் கிழிந்துபோன ஒரு வேதாகமம். பெயர் எழுதியிருக்கவேண்டிய தாள் அதுதான். அடுத்ததாக நூலால் கட்டிய ஒரு கட்டுச் சீட்டுகள். மணியார்டர் அனுப்பியவருக்குத் திரும்பி வரும் ஒப்புகைச் சீட்டுகள் அவை. எண்ணிப்பார்த்தோம், முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே பெண்ணின் பெயர், ஒரே கைநாட்டு. தொகை நானூறு ரூபாய். முகவரியின் பின்கோடு 627 என்று தொடங்கியது. அந்த மூன்று இலக்கங்களைக் கண்டவுடனே மூப்பர், “நம்ம திருநெல்வேலிப் பக்கம்” என்றார். ஒரு மனிதருடைய ஊர் எங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

கட்டின் கடைசியில் வேறுவிதமான தாள் ஒன்று இருந்தது. அது திரும்பிவந்த மணியார்டர். அதன்மேல் தபால்காரர் எழுதிய குறிப்பு மழைத்தண்ணீர் பட்டுக் கரைந்திருந்தது. திருப்பி அனுப்பப்பட்டது என்பதை மாத்திரம் வாசிக்க முடிந்தது. அதற்குப்பின் சீட்டுகள் இல்லை. ஆனால் ஒரு பழுப்பு உறையில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தது. திரும்பிவந்த நானூறும், அதன்பின் நான்கு மாதங்கள் எடுத்துவைத்த நானூறுகளும் சேர்ந்த தொகை அது. பெட்டியின் அடியில், செய்தித்தாளில் பொதிந்த ஒரு ஜோடி சிறு வெள்ளிக் கொலுசுகள்.

வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார். அந்த அம்மா கோபத்தில் பணத்தைத் திருப்பியிருக்கிறார்கள்” என்றான் ஒருவன். “கொலுசு வேறு இருக்கிறது. இங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்குமோ?” என்றான் மற்றவன். நான் அவனைக் கடிந்துகொண்டேன். ஆனால் முதலாமவன் சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது. அந்த முகவரிக்குத் தந்தி அடித்தோம். பதில் வரவில்லை. பதில் வராததே எங்கள் எண்ணத்திற்கு அத்தாட்சியாகிவிட்டது.

மூன்று நாள் காத்திருந்து, காவல் நிலையத்தின் அனுமதி பெற்று, சபையே அவரை அடக்கம் செய்தது. அடக்க ஆராதனையில் நான் கொடுத்த செய்தி கெட்ட குமாரனைப் பற்றியது. வீட்டைவிட்டுத் தூரதேசம் போன ஒருவன், திரும்பிப் போக மனதிருந்தும் வாசல் அடைக்கப்பட்ட ஒருவன் என்று, பெயர் சொல்லாமலே அவரை வர்ணித்தேன். கூடியிருந்தவர்கள் கண்கலங்கினார்கள். நல்ல செய்தி என்று பலரும் சொன்னார்கள்.

அதன்பின் நடந்ததைச் சொல்லுமுன், கடல் கடந்த ஒரு தேசத்தில் இதேபோலத் திறக்கப்பட்ட வேறு பெட்டிகளைக் குறித்து உங்களுக்குச் சொல்லவேண்டும்.

நானூறு பெட்டிகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செனிக்கா என்னும் ஏரியின் கரையில் வில்லார்டு என்ற மனநல மருத்துவமனை 1869ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே முதலாவது கொண்டுவரப்பட்டவர் ஒரு பெண்மணி. அதற்குமுன் பத்தாண்டுகள் ஓர் ஏழையர் விடுதியின் அறையில் படுக்கையும் உடையுமின்றி விலங்கிடப்பட்டிருந்தவர். அவரைப் போன்றவர்களுக்கு இரக்கம் காட்டவே அந்த இடம் உண்டாக்கப்பட்டது. ஆனால் காலப்போக்கில் அது உள்ளே போனவர் திரும்பாத இடமாயிற்று. 1995ஆம் ஆண்டு மூடப்படும்வரை ஐம்பதாயிரத்திற்கும் அதிகமானோர் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அங்கேயே மரித்தனர்.

மூடப்படும் சமயத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடிப் பரணை ஊழியர்கள் திறந்து பார்த்தார்கள். புறாக்கள் அடையும் அந்த இடத்தில், தூசி மூடிய மர அடுக்குகளில், நானூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. தோல் பெட்டிகள், டிரங்குப் பெட்டிகள், கூடைகள். ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் பெயர்ச்சீட்டு. 1910 முதல் 1960கள் வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், வாசலில் ஒப்படைத்த பெட்டிகள் அவை. ‘வெளியே போகும்போது திரும்பத் தருவோம்’ என்று வாங்கி வைக்கப்பட்டவை. அவர்கள் வெளியே போகவில்லை. உறவினரும் வந்து கேட்கவில்லை. பெட்டிகள் மாத்திரம் காத்திருந்தன.

குப்பைக்குப் போகவேண்டிய அந்தப் பெட்டிகளை நியூயார்க் மாநில அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. டார்பி பென்னி என்ற பெண்மணியும் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்ற மனநல மருத்துவரும் பல ஆண்டுகள் உழைத்து, அவற்றுள் சிலருடைய வாழ்க்கைகளைச் சிறுகச் சிறுக மீட்டெடுத்தார்கள். 2004ஆம் ஆண்டு அது ஒரு கண்காட்சியாகவும், 2008ஆம் ஆண்டு ஒரு நூலாகவும் வெளிவந்தது. 2011 முதல் ஜான் கிரிஸ்பின் என்ற புகைப்படக் கலைஞர் அந்தப் பெட்டிகளைத் திறந்த நிலையில் படம் எடுத்துவந்தார். அநேகருக்கு இந்தப் பெட்டிகள் தெரியவந்தது அப்படங்களின் வழியாகத்தான்.

அவர்கள் கையாண்ட முறையை நாம் கவனிக்கவேண்டும். பெட்டியில் இருந்ததை மாத்திரம் அவர்கள் நம்பவில்லை. மருத்துவமனையின் குறிப்பேடுகளை எடுத்துப் பெட்டியோடு ஒப்பிட்டார்கள். குறிப்பேட்டில் அந்த மனிதருடைய வியாதி மாத்திரம் இருந்தது. பெட்டியில் அந்த மனிதர் இருந்தார். குறிப்பேட்டில் ‘நோயாளி’ என்றிருந்தவர், பெட்டியில் தையல்காரியாகவும், ஆசிரியையாகவும், படைவீரராகவும், மனைவியை இழந்த கணவராகவும் இருந்தார்.

இரண்டாம் உலகப்போரில் சேவை செய்த ஒரு கறுப்பின இராணுவ வீரரின் பெட்டியில் அவருடைய சீருடையும் குடும்பப் படங்களும் இருந்தன. 1945ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் உணவகத்தில் உடைந்த தட்டில் அவருக்குச் சாப்பாடு வைக்கப்பட்டது. தேசத்திற்காகச் சீருடை அணிந்தவர் அந்த அவமதிப்பைத் தாங்கமாட்டாமல் கோபங்கொண்டார். வெளியே வந்து குப்பைத் தொட்டிகளை உதைத்தார். அதிலிருந்து தொடங்கிய வழி வில்லார்டில் கொண்டுபோய் விட்டது. கோபத்தைப் பதிவு செய்தவர்கள், தட்டைக் குறித்து யோசிக்கவில்லை.

உக்ரைன் தேசத்தவர் ஒருவரின் பெட்டியில் கல்யாணப் படம் இருந்தது. போர்க்காலத் துன்பங்களைக் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்த அவர், அங்கே கருச்சிதைவில் மனைவியை இழந்தார். அதன்பின்புதான் அவர் மனம் நிலைதடுமாறியது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவரைப் ‘பைத்தியக்காரன்’ என்று யாரால் சொல்லக்கூடும்?

இன்னொரு பெண்மணியின் பெட்டியில், ஒட்டுத்துணிகளால் தைத்த போர்வைகளும், கையால் தைத்த குழந்தை உடைகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு நேர்த்தியான தையல்! அவற்றைத் தைத்த விரல்களைப் பற்றி மருத்துவமனைக் குறிப்பேடு என்ன சொல்லியிருக்கக்கூடும்?

குழி வெட்டியவர்

பிரியமானவர்களே, இவர்கள் எல்லாரிலும் என் மனதைவிட்டு நீங்காதவர் லாரன்ஸ் மோச்சா என்பவர். 1878ஆம் ஆண்டு, அன்று ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலிசியாவில் பிறந்தவர். 1907ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தார். நம்மைப் போலவே பாஷை தெரியாத ஊருக்கு வந்தவர். நியூயார்க் நகரத்தின் ஒரு மருத்துவமனையில் ஜன்னல் கழுவும் வேலை செய்தார். 1916ஆம் ஆண்டு ஒருநாள் சத்தமிட்டுப் பாடினார், ஜெபித்தார். தேவனுடைய சத்தத்தைக் கேட்டதாகவும், தூதர்களைக் கண்டதாகவும் சொன்னார். அவரைப் பிடித்து அடைத்தார்கள். 1918ஆம் ஆண்டு வில்லார்டுக்கு அனுப்பப்பட்டார்.

சத்தமிட்டு ஜெபிக்கிற ஜனங்களாகிய நாம் இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. அவர் வியாதிப்பட்டிருந்தாரா, இல்லையா என்று இன்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒருவேளை வியாதியே இருந்திருக்கலாம். ஆனால் அவர் பாஷையில் அவரோடு உட்கார்ந்து பேச ஒரு மனிதர் இருந்திருந்தால், ஐம்பது ஆண்டுகள் அங்கே கிடந்திருப்பாரா?

1937ஆம் ஆண்டு முதல் அவர் அந்த மருத்துவமனையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழிகளைத் தம் கையால் வெட்டினார். அந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் 5,776 பேர். அவர்களுடைய கல்லறைகளில் பெயர் இல்லை. எண் பொறித்த சிறு இரும்புக் குறிகளே இருந்தன. அவற்றிலும் பல, புல் வெட்ட இடையூறு என்று பின்னாளில் அகற்றப்பட்டன. 1968ஆம் ஆண்டு தொண்ணூறு வயதில் லாரன்ஸ் மரித்தபோது, அவரும் அதே தோட்டத்தில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார். அவருடைய பெட்டியில் சவரம் செய்யும் கிண்ணமும் காலணிகளும் வேறு சில சாமான்களும் இருந்தன. ஐம்பது ஆண்டுகளாக அவை அவருக்காகப் பரணின்மேல் காத்திருந்தன.

உள்ளூர் மக்கள் சிலர் பல ஆண்டுகள் போராடி, 2015ஆம் ஆண்டு அவருடைய பெயரைப் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்றை அங்கே நிறுவினார்கள். பெயரை மீட்க நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயிற்று.

தபாலட்டையின் பதில்

மறுபடியும் தாராவிக்கு வருகிறேன்.

அடக்கம் முடிந்தபின் அந்த இரண்டாயிரம் ரூபாய் என் மேசையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த உறுத்தல் இல்லாதிருந்தால் நான் மேலே எதையும் தேடியிருக்கமாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன். அந்தச் சிற்றூரின் கிளை அஞ்சலக அதிகாரிக்கு ஒரு தபாலட்டை எழுதினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த வேளையில், கையில் ஒரு மஞ்சள் பையோடு ஓர் இளைஞன் வந்து நின்றான்.

“பாஸ்டரையா, மணியார்டர் வாங்கினது எங்க அம்மா. இறந்துபோனவர் எனக்குத் தாய்மாமா” என்றான்.

அந்தப் பெண்மணி மனைவி அல்ல, அக்காள். பெற்றோரை இழந்த தம்பியைக் கூலிவேலை செய்து வளர்த்தவர். அவர் விவாகம் பண்ணவே இல்லை. மாதந்தோறும் நானூறு ரூபாய், தவறாமல், விதவையான அக்காளுக்குப் போயிற்று. ஐந்து மாதங்களுக்குமுன் அந்த அக்காள் மரித்துவிட்டார். அதனால்தான் மணியார்டர் திரும்பிற்று. அதனால்தான் தந்திக்குப் பதில் இல்லை.

“மாமாவுக்குச் சொல்லி அனுப்பினீர்களா?” என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். “நான் அப்போ கேரளாவில வேலையில இருந்தேன் ஐயா. மூணாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். எழுதணும் எழுதணும்னு நினைச்சேன், நாள் தள்ளிப்போச்சு” என்றான்.

ஆகவே தம்மை வளர்த்த அக்காள் மரித்துப்போன செய்தியை அந்த மனிதர் அறிந்தது ஒரு திரும்பிவந்த மணியார்டரின் வழியாகத்தான். நான் அந்தத் தாளின் அஞ்சல் முத்திரையை எடுத்துப் பார்த்தேன். அது ஒரு வியாழக்கிழமையின் தேதி. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்திருந்தார். நான் “நலமா?” என்றிருப்பேன். அவர் “ஸ்தோத்திரம் ஐயா, நலம்” என்றிருப்பார். அவர் கையைக் குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் போயிருப்பேன்.

கொலுசு அந்த இளைஞனுடைய பெண் குழந்தைக்காக. பிறந்த செய்தியை அவன் தாயார் யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாராம். பணத்தையும் கொலுசையும் பெட்டியையும் அவனிடம் ஒப்படைத்தோம். அந்த நான்கு மாதங்களின் நானூறுகளை அவர் யாருக்காக எடுத்துவைத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் சபையார் முன்பாக எழுந்து நின்று, நான் பிரசங்கித்தது தவறு என்று அறிக்கையிட்டேன். ஆனால் யாரைக் குறித்துத் தவறாய்ச் சொன்னேனோ, அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

கையில் எடுத்துக் காட்டின அங்கிகள்

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் மரித்தபோது, பேதுருவிடம் அந்த விதவைகள் அவளைப் பற்றி நீண்ட சாட்சி சொன்னதாக வேதம் எழுதவில்லை. அவள் தங்களோடிருக்கையில் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அழுதுகொண்டே காண்பித்தார்கள். அவளுடைய வாழ்க்கை அந்தத் துணிகளில் இருந்தது. அவற்றைக் காண்பித்தவர்கள் அந்நியரல்ல என்பதையும் கவனியுங்கள். எந்த அங்கி யாருக்காகத் தைக்கப்பட்டது என்று அறிந்தவர்கள் அவர்கள். துணியும் இருந்தது, துணியின் கதையைச் சொல்ல ஒரு கூட்டமும் இருந்தது.

பவுலும் தன் கடைசிக் காலத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறான். அப்போஸ்தலனின் ஆஸ்தி அவ்வளவே. ஆனாலும் அவன் பெட்டி எங்கே இருக்கிறது, யாரிடத்தில் இருக்கிறது என்று அறிந்த ஒருவன் இருந்தான்.

என் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவருடைய பெட்டி குறைவுபட்டதல்ல. அதில் ஒரு நல்ல மனிதரின் முழுச் சரித்திரமும் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்களாய் நாங்கள் இல்லை.

நாம் செய்யவேண்டியவை

அன்பானவர்களே, இதை ஒரு உருக்கமான சம்பவமாக வாசித்துவிட்டுப் பத்திரிகையை மூடிவைக்கவேண்டாம். சில காரியங்களை இந்த மாதத்திலேயே செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் வேதாகமத்தின் உட்பக்க அட்டையிலே உங்கள் பெயரையும், சொந்த ஊரையும், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். முதல் தாளில் அல்ல, அட்டையிலே எழுதுங்கள். தாள் கிழியும். முக்கியமாக, அந்த எண் உங்களுக்கு யாருடையது என்பதையும் எழுதுங்கள். அக்காள், மகன், சித்தப்பா என்று ஒரே வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை அந்த மணியார்டர் சீட்டுகளில் இல்லாததால்தான் நாங்கள் தவறினோம்.

இரண்டாவது, இக்காலத்தில் நம்முடைய தகரப்பெட்டி கைப்பேசிதான். படங்களும் கடிதங்களும் பண ரசீதுகளும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பூட்டு உண்டு. பழைய பெட்டியின் பூட்டை உடைக்கலாம், இதை உடைப்பது எளிதல்ல. பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தொடர்பு எண்ணை அதில் பதிந்துவையுங்கள். தெரியாவிட்டால் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பத்தாண்டுகள் யாரும் கேளாத வைப்புத்தொகைகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. அப்படிப் போன பின்னும் வாரிசுகள் உரிமை கோரலாம். அத்தகைய கணக்குகளைத் தேடிப்பார்க்க 2023ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையத் தளத்தைத் திறந்தது. உங்கள் குடும்பத்தில் நகரத்தில் தனியே வாழ்ந்து மரித்தவர் யாரேனும் இருந்தால், அவர் பெயரை அதிலே தேடிப்பாருங்கள்.

நான்காவது, மரித்துப்போன ஒருவருடைய உடைமைகளைத் திறக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், தனியே திறக்காதிருங்கள். இரண்டு சாட்சிகளோடு திறந்து, பட்டியல் எழுதி, கையெழுத்திடுங்கள். துணியைக் கொடுத்துவிடலாம், ஆனால் ஒரு துண்டுத் தாளையும் எறியாதிருங்கள். ரசீதுகளையும் முத்திரைத் தேதிகளையும் உறைகளையும் வரிசைப்படுத்துங்கள். நீங்கள் காண்பது வேறு, அதிலிருந்து நீங்கள் எண்ணிக்கொள்வது வேறு. ‘பணம் திரும்பி வந்தது’ என்பது நாங்கள் கண்டது. ‘மனைவி மறுத்தாள்’ என்பது நாங்களே சேர்த்தது. அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம்!

ஐந்தாவது, நம் மத்தியில் மனம் கலங்கியிருப்பவர்களைக் குறித்து ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். தங்கள் குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. ஜெபியுங்கள், கூடவே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு விரோதமல்ல. 14416 என்ற இலவச எண்ணில் ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநல ஆலோசனைச் சேவை 2022ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. தமிழிலும் பேசலாம். யாரையும் ஒரு இடத்தில் விட்டுவிட்டு, பெட்டியையும் விட்டுவிட்டு வந்துவிடாதிருங்கள்.

கடைசியாக, போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையின் கடைசி வரிசையில் இருப்பவர்களின் ஊரும் நெருங்கிய உறவினர் பெயரும் உங்கள் பதிவேட்டில் உண்டா? எங்கள் சபையில் 1998ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீளமான நோட்டைத் தொடங்கினோம். பெயர், ஊர், ஊரில் யார், இங்கே யார் என்று நான்கே கேள்விகள். அதை எழுதுவதற்காக ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் உட்காரவேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடங்களில் நான் அறிந்துகொண்டதை, அதற்கு முந்தின இரண்டு ஆண்டுகளின் கைகுலுக்கல்களில் அறியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தவுடன் வீட்டுக்கு விரைந்துவிடாதிருங்கள். வாசலண்டை உட்கார்ந்திருக்கும் ஒருவரிடத்தில் போய், “நலமா?” என்று கேளுங்கள். அவர் நலம் என்பார். அப்பொழுது கையை விட்டுவிடாமல் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: “உங்களுக்கு எந்த ஊர்? ஊரிலே யார் இருக்கிறார்கள்?”

அவர் சொல்லட்டும். நீங்கள் நின்று கேளுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். கர்த்தர்தாமே உங்களையும், ஊரிலிருக்கும் உங்கள் குடும்பத்தாரையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.